பார்வதம் என்று பேர் வைத்த சவுண்டு

கிட்டார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தாட்சாயிணி எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும், வாசலில் நிற்கிற யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பாட வந்தீங்களாம்மா?" இல்லை, கிட்டார் வாசிக்க வந்தேன் என்றால் அவருடைய கண் இவளைத் தாண்டிப் பின்னால் போகும். பின்னால் வருகிற ஆண்களில் எவன் கிட்டார்காரன் என்று தேடும். பை இவள் முதுகில்தான் தொங்குகிறது. ஆனாலும் மண்டையில் ஏறாது. ஒருமுறை ஒரு பெரிய மனிதர், "பொம்பளைப் புள்ளைய தூக்க வுட்டுட்டு இவனுங்க கைய வீசினு வரானுங்க பாரு" என்று அவளுக்காகப் பரிதாபப்பட்டே போனார்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. மேனாம்பேட்டில் பிறந்து, மேனாம்பேட்டிலேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அப்பாவின் நிலம் மனைகளாக மாறியபோது அண்ணன்மார் வீடு கட்டிக்கொண்டார்கள். இவளைப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தார்கள். அந்தப் படிப்பைக் கொண்டு பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளராகப் பதினாறு வருஷமாக இருக்கிறாள். ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் மீட்டர் பிடிப்பதும் கைப்பழக்கம். கிட்டார் மட்டும் படிப்பால் வந்ததில்லை. அம்பத்தூரில் ஒரு சர்ச் ஹாலில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடந்தது. தோழியோடு துணைக்குப் போனவள் ஒட்டிக்கொண்டாள். தோழி மூன்றாம் வாரமே நின்றுவிட்டாள்.

பதினொரு வருஷமாகக் கிறிஸ்துராஜின் மெல்லிசைக் குழுவில் முதல் கிட்டார் அவள்தான். கிறிஸ்துராஜ் கீபோர்டு வாசிப்பவர். கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டு மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகையில்தான் ஒத்திகை. ஆடி மாதம் அம்மன் கோயில்கள், டிசம்பரில் சர்ச் விழாக்கள், முகூர்த்த நாட்களில் ரிசப்ஷன்கள் என்று வருஷம் ஓடிவிடும். கணவன் தசரதன் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் எலக்ட்ரீஷியன். கச்சேரி உள்ள நாட்களில் அவளைத் தன் பைக்கில் கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் அழைத்து வருவான். அதைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியபோது, "எம்பொண்டாட்டி வாசிக்கிறா, உனுக்கு இன்னா எரியுது?" என்று ஒரே கேள்வியில் அடைத்துவிட்டான். அந்த ஒரு கேள்விக்காக அவள் அவனுக்குப் பல குற்றங்களை மன்னித்திருக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன்புவரை மேடைக்கு ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுபோவாள். அரிசி மூட்டை கனம். சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் ஆவடி வீரராகவன்தான் அதற்கு முடிவு கட்டினார். அதிகம் பேசாத மனிதர். ஒருநாள், எல்லா மைக்கும் வந்து சேருகிற மிக்ஸரை விட்டு எழுந்து வந்து, "இத பாரும்மா. ஸ்டேஜ்ல இந்தப் பெட்டிய வெச்சா பாட்றவங்க மைக்ல எல்லாம் இதுவே வந்து உழுது. இனிமே ஆம்ப்ளிஃபயர் வாணாம். டைரக்டா எனுக்கு லைன் குடு" என்றார். சொன்னால் சொன்னதுதான்.

அப்படித்தான் தாட்சாயிணி மாடலருக்கு வந்தாள். இரண்டு செங்கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலத்தில் தரையில் கிடக்கிற பெட்டி அது. விதவிதமான ஆம்ப்ளிஃபயர்களும் ஸ்பீக்கர்களும் எப்படி ஒலிக்குமோ அப்படியே ஒலித்துக் காட்டுகிற கணக்கு அதற்குள் இருக்கிறது. ஒரு பக்கம் கிட்டார் ஒயரைச் சொருகி மறுபக்கம் மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம். நமக்குப் பிடித்த சேர்க்கையை அமைத்து, ஒரு பெயர் கொடுத்து உள்ளேயே சேமித்தும் வைக்கலாம். அதைப் பேட்ச் என்பார்கள். கம்ப்யூட்டர் வழியாக இன்னொரு பெட்டிக்கு அதை நகல் எடுக்கவும் முடியும்.

பழைய ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டு, யாரோ வைத்திருந்த மாடலரை வாங்கி வந்து முதல்நாள் வாசித்துப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வராத குறை. எல்லாம் இருந்தது, உயிர் இல்லை. பக்கத்து அறையிலிருந்து யாரோ ஃபோனில் பேசுகிற மாதிரி இருந்தது.

அவளிடம் இரண்டு பெடல்கள் இருந்தன. காலால் மிதித்தால் கிட்டாரின் ஒலியை மாற்றிவிடுகிற சின்ன இரும்புப் பெட்டிகள். மஞ்சள் பெடல் அவளே லேபில் உட்கார்ந்து பாகம் பாகமாகப் பற்றவைத்தது. கிட்டார் ஒலியைக் கிழித்துக் கரகரப்பாக்கும். ஃபஸ் என்பார்கள். நீலப் பெடல் எதிரொலி கொடுப்பது. அம்பத்தூரில் ஒருவர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. இரண்டையும் மாடலரோடு சேர்த்தால் என்ன என்று தோன்றியது. சேர்த்தாள். தகர ஷீட்டை ரோட்டில் இழுத்த மாதிரி சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு ஆறு மாதம். கல்லூரி விட்டு வந்து, உலை வைத்துவிட்டு, சாதம் வேகிற நேரத்தில் காதில் ஹெட்ஃபோனோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள். மஞ்சள் பெடலுக்குக் கிட்டாரிலிருந்து ஒயர் நேராக வரவேண்டும், நடுவில் வேறு எதுவும் நுழையக் கூடாது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. பெடலிலிருந்து வருவதை மாடலர் எவ்வளவு இறுக்கமாக இழுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அதன் உள்ளே ஒரு அளவு உண்டு. அதைச் சரியான இடத்தில் நிறுத்த இன்னொரு மாதம். நீலப் பெடலை முன்னால் வைத்தால் எதிரொலி கலங்கிப் போகிறது. மாடலரின் முதுகில் இரண்டு துளைகள் இருக்கின்றன: ஒன்றின் வழியாக ஒலியை வெளியே அனுப்பி, இன்னொன்றின் வழியாகத் திரும்ப வாங்கலாம். அங்கே மாட்டியதும் எதிரொலி தெளிந்தது. பெடல்களுக்கும் மாடலருக்கும் ஒரே கரண்ட் கொடுத்தால் ஈ மொய்க்கிற மாதிரி ஒரு இரைச்சல்; தசரதன் தனி அடாப்டர் செய்து கொடுத்தான். ஒவ்வொன்றையும் லேப் ரெக்கார்டு நோட்டில், தேதி போட்டு, பிள்ளைகள் சோதனை எழுதுகிற மாதிரி எழுதி வைத்தாள்.

கடைசியில் வந்தது ஒரு ஒலி. நாதஸ்வரம் மாதிரி நிமிர்ந்து கிளம்பும். உச்சிக்குப் போகும்போது தொண்டை கட்டிய மாதிரி லேசாகப் பிளக்கும். கிட்டாரில் இருக்கிற வால்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு வடிந்து, கழுவிவிட்ட மாதிரி சுத்தமாகிவிடும். முதல்முறை கேட்டபோது தாட்சாயிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய அம்மா பார்வதத்தின் குரல் அது. தண்ணி லாரி வந்தால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கிற குரல். சண்டை முற்றினால் உச்சியில் பிளக்கிற குரல். பேட்சுக்குப் 'பார்வதம்' என்றே பேர் வைத்தாள்.

அந்த ஆடியில் கள்ளிக்குப்பம் அம்மன் கோயிலில் முதல்முறை வாசித்தாள். கூழ் வாங்க வரிசையில் நின்ற சனம் பாத்திரத்தோடு திரும்பிப் பார்த்தது. நிகழ்ச்சி முடிந்ததும் கிறிஸ்துராஜ் கை கொடுத்தார்.

"சவுண்டு அள்ளிகினு பூட்ச்சிம்மா. செம மெஷினு வாங்கிக்கிறே."

மெஷின்! சட்டி நன்றாக இருந்ததால் மீன்குழம்பு ருசித்தது என்பதுபோல. "மெஷின் இல்லண்ணே, நான் ஆறு மாசமா..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அவர் பந்தல்காரரிடம் போய்விட்டார். அன்றைக்கே வந்த கோபம். ஆனால் அப்போது அதை முழுங்கிக்கொண்டாள்.

ஜெகன் குழுவின் இரண்டாவது கிட்டார். இருபத்தெட்டு வயது, நல்ல விரல், அதைவிட நல்ல வாய். யூடியூபில் சொந்தமாகச் சேனல் வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டு வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, உங்க மாடலருக்குப் புது சாஃப்ட்வேர் வந்துகீது. ஏத்தலன்னா ஸ்டேஜ்ல நின்னு பூடும். ஒரு நாள் குடுங்க, நான் ஏத்திட்டு எட்தாறேன்."

தோசை சுட்டுக் கொடுத்து, மாடலரையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் சாயங்காலம் சொன்னபடி கொண்டுவந்து தந்தான். "ஒண்ணியும் அழியலக்கா, எல்லாம் பத்திரமா கீது" என்றான். அது பொய்யில்லை.

மூன்று வாரம் கழித்து, மதிய இடைவேளையில் லேபுக்கு வந்த ஆசிரியை கிருஷ்ணப்பிரியா தன் ஃபோனை நீட்டினாள். அவளுக்குத் தாட்சாயிணி கிட்டார் வாசிப்பது தெரியும்.

"இது உங்க குரூப்ல வாசிக்கிற பையன்தானே? என் தங்கச்சி அனுப்பினா. டோன் ரொம்ப நல்லாருக்கு, பாருங்களேன்."

ஜெகன் சிவப்பு விளக்கு போட்ட அறையில் உட்கார்ந்திருந்தான். எதிரே அவனுடைய புது மாடலர். கேமரா அதன் சின்னத் திரைக்குப் பக்கத்தில் போனது. திரையில் ஆங்கில எழுத்தில் பார்வதம் என்று இருந்தது.

"மச்சீஸ், இது நான் ஒரு வருஷமா உக்காந்து டெவலப் பண்ண என்னோட சிக்னேச்சர் டோன்" என்றான் ஜெகன். "ஏன் பார்வதம்னு கேப்பீங்க. நான் ஒண்ணாவது படிக்கசொல்ல எனுக்குப் பாட்டு சொல்லிக் குட்த்த டீச்சர் பேரு அது. இன்னிக்கு அவங்க உயிரோட இல்ல. இது அவங்களுக்கு என்னோட காணிக்கை."

தாட்சாயிணியின் கையிலிருந்த மீட்டரின் முள் கம்பிகள் மேசையில் விழுந்தன. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

திருடினதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். பேரைக்கூட மாற்றவில்லையே! மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? இவளெல்லாம் பார்க்கப் போகிறாளா, பார்த்தாலும் என்ன கிழித்துவிடுவாள் என்கிற தைரியம்தானே அது? அதைவிட, மேனாம்பேட்டில் அந்த நேரம் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவைச் சாகடித்து, அதற்குக் காணிக்கை வேறு.

பஸ் ஸ்டாப்பில் நின்றே ஃபோன் போட்டாள்.

"ஜெகன், பார்வதம் யாருடா?"

அவன் சிரித்தான். "அக்கா, பாத்துட்டீங்களா? கோச்சிக்காதீங்கக்கா. வீடியோவுக்கு ஒரு கதை வேணும்ல."

"எங்கம்மாவ ஏண்டா சாவடிச்சே?"

"ஐயோ, உங்க அம்மா பேருன்னு எனுக்கு இன்னா தெரியும்? அத்த உடுங்க. டோனுக்கெல்லாம் சொந்தக்காரன் யாருக்கா? மெஷின் கம்பெனிக்காரன் பண்ணது. நீங்க நாலு குமிழத் திருகுனீங்க. நானும் நாலு குமிழத் திருகுனேன்."

"நீ எத்தடா திருகுனே? ஒண்ணு சொல்லு."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

கிறிஸ்துராஜிடம் போனாள். பதினொரு வருஷப் பழக்கம், அவர் கேட்பார் என்று நம்பித்தான் போனாள். அவர் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"சின்னப் பையன் தாட்சா. ஏதோ ஆசைல பண்ணிட்டான். நம்ம ட்ரூப்புல ஒருத்தன் பேரு வெளிய வந்தா நம்ம ட்ரூப்புக்குத்தானே நல்லது? நீ இன்னா சேனலா வெச்சிகீறே?"

"சேனல் இல்லன்னா திருடு குடுக்கணுமாண்ணே?"

"திருட்டு கிருட்டுன்னு பெரிய வார்த்தயெல்லாம் பேசாதம்மா. குடும்பம் மாதிரி கீறோம்."

குடும்பம் மாதிரி! வாங்குகிற இடத்தில் குடும்பம், கேட்கிற இடத்தில் பெரிய வார்த்தை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் வெங்காயம் நறுக்கிய வேகத்தைப் பார்த்துத் தசரதன் பயந்துபோனான்.

"இன்னாமே இது, ஒரு சவுண்டுக்குப் போயி இப்டி ஆவுற? உட்டுத் தள்ளு."

"உங்க ஃப்ளாட்ல நீ ஒரு வருசம் இழுத்த ஒயரிங்க, நேத்து வந்தவன் நான்தான் இழுத்தேன்னு சொல்லி பேரு வாங்கிகினா உட்டுத் தள்ளுவியா?"

தசரதன் யோசித்தான். அவன் நிஜமாகவே யோசிக்கிறவன். "ஒதச்சிருப்பேன்" என்றான். அதற்கப்புறம் உட்டுத் தள்ளச் சொல்லவில்லை.

சங்கதி பார்வதத்தின் காதுக்கும் போனது. "எம்பேருல டீச்சரா? நான் பள்ளிக்கூடத்து நெழலுக்குக்கூட ஒதுங்கலியே!" என்றாள் அவள். "கூட்டியா அந்த நாய. ஒண்ணாவது பாடம் நான் எட்க்கிறேன்."

அடுத்த மாதம் சென்னீர்குப்பத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் ரிசப்ஷன். நேரடி ஒளிபரப்பு, டிரோன் கேமரா எல்லாம் உண்டு. நாலு நாள் முன்னால் கிறிஸ்துராஜ் அவளை அழைத்தார். பார்ட்டி ஒரு கிட்டார் போதும் என்றுவிட்டார்களாம். ஜெகனை வைத்துக்கொள்கிறாராம். "ரெண்டு பேருகிட்டயும் ஒரே சவுண்டுதானே கீது இப்போ. வெளியூரு கெஸ்ட்டு, லேட்டாவும், உனுக்கும் கஷ்டம்." மேனாம்பேட்டிலிருந்து சென்னீர்குப்பம் வழியாகத்தான் அவள் தினமும் கல்லூரிக்குப் போகிறாள். அந்தத் தூரம் திடீரென்று அவளுக்குக் கஷ்டமாகிவிட்டது.

ஆக, அவளுடைய சவுண்டை எடுத்தார்கள்; எடுத்துவிட்டதால் அவள் தேவையில்லை என்றார்கள். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

ரிசப்ஷன் அன்று மாலை ஆறு மணிக்கு ஜெகனிடமிருந்து ஃபோன். குரலில் அந்தச் சிரிப்பு இல்லை.

"அக்கா, சவுண்டு செக்குல கீறேன். பார்வதம் பேட்ச்சு தகர டப்பா மாதிரி கீது. ஊட்ல ஹெட்ஃபோன்ல ஓரளவு நல்லாத்தான் இருந்திச்சி. இங்க பெரிய ஸ்பீக்கர்ல நாஸ்தியா கீதுக்கா. அதுல நீங்க இன்னா பண்ணி வெச்சிகீறீங்க?"

தாட்சாயிணிக்குப் புரிந்துவிட்டது. அவன் எடுத்துப்போனது மாடலருக்குள் இருந்த பாதியை மட்டும்தான். மீதிப் பாதி மஞ்சளாகவும் நீலமாகவும் அவள் வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருந்தது. பெடல் வந்து சேரும் என்று எதிர்பார்த்துத்தான் அவள் அந்தப் பேட்சை அமைத்திருந்தாள். பெடல் இல்லாமல் அதை வாசிப்பது, புளி போடாத குழம்பைப் பரிமாறுவது மாதிரி.

"உன் சிக்னேச்சர் டோன்தானே அது?" என்றாள். "ஒரு வருசமா நீ உக்காந்து பண்ணது. என்ன ஏன் கேக்குறே? உங்க டீச்சரக் கேளு."

"அக்கா, ப்ளீஸ்க்கா. மானம் பூடும்."

"எது பூடும்?"

வைத்துவிட்டாள். பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, அப்படித் தோன்றாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஜெகன் முட்டாள் இல்லை. மேடையில் பக்கத்தில் நின்றும் கவனிக்காத தாட்சாயிணியின் காலடியைப் பழைய கல்யாண வீடியோ எதிலோ பார்த்திருக்கிறான். மஞ்சளும் நீலமும் தெரிந்திருக்கின்றன. கடையில் கிடைக்கிற ஒரு ஃபஸ்ஸும் ஒரு எதிரொலிப் பெடலும் வாங்கிவிட்டான். இரண்டு மாதம் கழித்து ஆவடிப் பக்கம் ஒரு கோயில் விழாவில் இருவரும் ஒரே மேடையில் நின்றபோது, அவள் வாசிக்க வேண்டிய, பாட்டின் முன்னிசைப் பகுதியைக் கிறிஸ்துராஜ் அவனுக்குக் கை காட்டினார். அவன் மிதித்தான். கிட்டத்தட்ட அதே ஒலி. சனம் கை தட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடினாள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இவளுக்குத் தெரிந்தது. அது அவளை இன்னும் எரித்தது. பொய் தோற்றுப் போகும், தானாக வெளுக்கும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்க்கிறார்களே, எங்கே வெளுத்தது? அது பாட்டுக்குக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு நிற்கிறது.

அடுத்த ஞாயிறு கள்ளிக்குப்பத்து மாடியில் ஒத்திகை. ஒரு ஸ்பீக்கரைப் பழுது பார்க்க வீரராகவனும் வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். தாட்சாயிணி தன் பெடல்களைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஜெகன். கிட்டார்ல வால்யூமப் பாதியாக் குறைச்சிட்டு ஒரு வரி வாசி."

"இன்னாத்துக்குக்கா?"

"வாசி. உன் டோன்தானே?"

அவன் கிறிஸ்துராஜைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அவன் வாசித்தான். சத்தம் குறைந்தது, கரகரப்பு மட்டும் அரிசியில் கிடக்கிற கல் மாதிரி அப்படியே நின்றது. தாட்சாயிணி தன் ஒயரைச் சொருகி, குமிழைக் குறைத்து, அதே வரியை வாசித்தாள். கரகரப்பு வடிந்து ஒலி தெளிந்தது. குமிழை ஏற்றினாள், அது மறுபடி நிமிர்ந்து, உச்சியில் பிளந்தது.

"ஏன்னு சொல்லு பாக்கலாம்."

அவன் குனிந்து தன் பெடலின் குமிழ்களைத் திருகிப் பார்த்தான். கிட்டாரின் ஒலியை ஒயர் இல்லாமல் அனுப்புகிற கருவி ஒன்றை அவன் வைத்திருந்தான். மேடையில் ஓடியாடி வாசிக்க வசதி. கிட்டாருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவில் அது போய் உட்கார்ந்துகொண்டதால் பெடலால் கிட்டாரை உணர முடியவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. ஒரு மாதம் தரையில் உட்கார்ந்து கண்டுபிடித்ததை இவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

மூலையிலிருந்து வீரராகவன் வாய் திறந்தார். "நான் மிக்ஸர்ல கேட்டுகினுதான் கீறேன் கிறிஸ்து. இந்தம்மா லைன நான் தொட்றதே இல்ல. வந்தா அப்டியே உட்ருவேன். இவன் லைன்ல அடிச் சத்தத்த வெட்டி, மேல் சத்தத்த வெட்டி, அப்பாலதான் ஜனத்துக்கு உட்றேன். இவன் காப்பி. யாரு மொதல்ல பண்ணதுன்னு எனுக்குத் தெரியும்."

அந்த மனிதர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. எல்லோரும் கிறிஸ்துராஜைப் பார்த்தார்கள்.

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "சரிப்பா. இருக்கட்டும். ஆனா ஜனத்துக்கு இதெல்லாம் தெரியுமா? சவுண்டு வருதுல்ல?"

"ஜனத்துக்குத் தெரியலன்னா திருடலாமாண்ணே?" தாட்சாயிணியின் குரல் உச்சியில் பிளந்தது. "பதினோரு வருசம். நான் மெஷின் வாங்குனேன்னு சொன்னீங்க, சும்மா இருந்தேன். எங்கம்மாவ சாவடிச்சான், குடும்பம்னு சொன்னீங்க. சென்னீர்குப்பம் எனுக்குத் தூரம்னு சொன்னீங்க. ஒருதபா, ஒரே ஒருதபா, இது தாட்சாயிணி பண்ணதுன்னு உங்க வாயால சொல்ல இன்னா கொறஞ்சி பூடும்?"

கிறிஸ்துராஜ் துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். ஜெகன் தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குனிந்து ஒயர்களைச் சுற்றினாள். பெடல்களைப் பையில் போட்டாள். படியிறங்கும்போது யாரும் கூப்பிடவில்லை. வீரராகவன் மட்டும் மாடலரை வாங்கிக்கொண்டு கீழே வரை வந்து, பைக்கில் காத்திருந்த தசரதனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றே அவள் ஒரு காரியம் செய்தாள். ரெக்கார்டு நோட்டை வெளிச்சத்தில் விரித்து, தேதி தெரியும்படி ஆறு மாதப் பக்கங்களையும் தசரதனை வீடியோ எடுக்கச் சொன்னாள். பெடல்களைக் காட்டினாள். எது எங்கே மாட்டப்படுகிறது என்று மட்டும் காட்டவில்லை. பிறகு பார்வதத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இவங்கதான் பார்வதம். உயிரோட கீறாங்க. டீச்சர் இல்ல" என்று சொல்லிவிட்டு வாசித்தாள். பார்வதம் கேமராவை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிருஷ்ணப்பிரியா அதை ஏற்றிக் கொடுத்து, ஜெகனின் வீடியோவுக்குக் கீழே அதன் லிங்கையும் போட்டாள்.

ஊர் திரண்டு வந்து நீதி கேட்கவில்லை. நூறு பேர் பார்த்தார்கள், அப்புறம் ஐந்நூறு. சிலர் அவள் பக்கம் பேசினார்கள். சிலர், "பொம்பளைக்குப் பொறாமை" என்று எழுதினார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு அவள் தெருவில் இரண்டு சுற்று வேகமாக நடந்து வந்தாள். ஜெகன் பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு, வீடியோவில் டீச்சர் கதையை மட்டும் வெட்டி எடுத்தான். அடியில் 'தாட்சாயிணி அக்காவின் தூண்டுதலுக்கு நன்றி' என்று பொடி எழுத்தில் சேர்த்தான். தூண்டுதலாம். பூட்டை உடைத்தவன் பூட்டின் தூண்டுதலுக்கு நன்றி சொல்வானா?

வீரராகவன் பூந்தமல்லியில் எழிலரசி என்ற பாடகியின் குழுவுக்கும் சவுண்டு வைப்பவர். "ஒரு கிட்டாரு கீது, கேட்டுப் பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். எழிலரசி வீட்டுக்கே வந்தாள். பார்வதம் பேட்சைக் கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்டது, "இத எப்டிக்கா பண்ணீங்க?" என்றுதான். அவளிடம் தாட்சாயிணி ஒரு மணி நேரம் சொன்னாள். மஞ்சள், நீலம், முதுகுத் துளைகள், ஈ மொய்க்கிற இரைச்சல், எல்லாம். மூன்று வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

தை மாதத்தில் கிறிஸ்துராஜிடமிருந்து ஃபோன் வந்தது. ஜெகன் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்குப் போய்விட்டானாம், ஏதோ பெரிய பேண்டில் சேர்ந்துவிட்டானாம். மாசி மாதம் முழுக்க நிகழ்ச்சி இருக்கிறதாம்.

"வந்துரு தாட்சா. நடந்தது நடந்து போச்சி."

"நடந்து போவலண்ணே. நீங்க நடத்துனீங்க."

"இன்னும் அதயே புட்ச்சிகினு கீறியா?"

"ட்ரூப்பு வாட்ஸாப் குரூப்புல ஒரே ஒரு வரி போடுங்க. அது தாட்சாயிணியோட சவுண்டு, ஜெகன் கேக்காம எட்த்தான்னு. போட்டீங்கன்னா, வர்றதப் பத்திப் பேசலாம்."

"அதெல்லாம் இன்னாத்துக்கும்மா இப்போ? பையனே பூட்டான். செத்த பாம்ப அடிக்கிறே."

"அப்போ வெச்சிர்றேன்" என்று வைத்தாள்.

கோபம் அப்போதும் ஆறவில்லை. எழிலரசி குழுவோடு வெள்ளவேட்டில் அன்று மாலை நிகழ்ச்சி இருந்தது. மஞ்சள் பெடலில் ஒரு ஒயர் லூசாகி இருந்தது. பற்றவைப்புக் கோலைச் சூடாக்கி, ஈயத்தைத் தொட்டு வைத்து, ஊதி ஆற்றி, மிதித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. தசரதன் வாசலில் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.